யார் தலைக்கும் பொருந்தாத தொப்பி

எங்கள் வீட்டில் யார் தலைக்கும் பொருந்தாத தொப்பி ஒன்று இருக்கிறது. கறுப்புப் பட்டு போர்த்தியது, உயரமானது, சீமையில் பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போட்டுக்கொள்கிற வகை. மலாயாவின் கிள்ளான் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பாசார்க் கடைத்தெருவுக்குப் போனால் பின்னால் நாய்தான் குரைக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அலமாரியின் மேலிருந்து அதன் தோல்பெட்டியை இறக்குவோம். அன்று வீட்டுக்கு வருகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவார்கள். என் மூத்த மகனுக்கு அது மூக்கு வரை இறங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலை பெரியது என்று ஊரே சொல்லும். அவருக்கும் காதில் வந்துதான் நிற்கும். எந்தப் பூசணிக்காய்த் தலையனுடையதோ என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு தொப்பியை வாங்கி, பட்டு படிந்திருக்கிற பக்கமாகவே சட்டைக் கையால் வட்டமாகத் துடைத்து, பெட்டிக்குள் வைப்பேன். எதிர்ப்பக்கமாகத் துடைத்தால் பட்டு செத்துவிடும். இது என் சித்தப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். தொப்பி அவருடையது அல்ல. அவர் அதை வாங்கவும் இல்லை, திருடவும் இல்லை.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி அல்ல. என் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். சித்தப்பா அம்மாவின் இரண்டாவது கணவர். வெள்ளைக்காரர். இங்கிலாந்து நாடக நடிகர். நடிகர் என்றதும் வாள் வீசுகிற கதாநாயகனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊர் நாடகங்களில் எப்படியும் ஒரு பணக்கார வீடு வரும். அந்த வீடு வந்தால் அதற்கு ஒரு பட்லர் வேண்டும். அந்த பட்லர் இவர். பதினெட்டு வயதில், பட்லராக நடிக்க வேண்டிய கிழவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததால், இவர் தலையில் மாவைக் கொட்டி மேடைக்குள் தள்ளிவிட்டார்களாம். அன்று கிழவனானவர் நிஜமாகவே கிழவனாகும் வரை கிழவனாகவே நடித்தார். நடுவே கல்லறைத் தோட்டக்காரன், சத்திரக்காரன், காது கேட்காத குமாஸ்தா என்று சில்லறை வேஷங்களும் உண்டு. பத்திரிகைகளில் கதாநாயகனைப் பற்றி ஒரு பத்தி வரும், நாயகியின் உடையைப் பற்றி இன்னொரு பத்தி வரும், கடைசியில் "மற்றும் பலர்" என்று வரும். "அந்த மற்றும் பலர் நான்தான்" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு குறைதான் சொல்வார். எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடுவது பட்லர். பட்லருக்குக் கதவு திறக்க எந்த நாடகத்திலும் ஆள் கிடையாது.

அவருடைய கம்பெனி கல்கத்தா, ரங்கூன், பினாங்கு என்று ஆடிக்கொண்டே கோலாலம்பூருக்கு வந்தது. கம்பெனி உடைகளைத் தைத்து இஸ்திரி போடும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. இரண்டாவது நாடகத்தின்போது அவருக்கு மலேரியா கண்டது. கம்பெனி காத்திருக்கவில்லை, சிங்கப்பூருக்கு ரயில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வெளியே வந்தவர், தைக்கக் கொடுத்திருந்த வால்கோட்டைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்பெனி மறந்துவிட்டுப் போன சாமான்கள் இரண்டு, ஒன்று அந்தக் கோட்டு, இன்னொன்று இவர் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். கோட்டை வாங்கிக்கொண்டவர் போகவில்லை. வாசலிலேயே மயங்கி விழுந்தார். கஞ்சி கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு வருஷம் பேசவிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் தமிழ்ச் சபைப் போதகரிடம் போய் இருவரும் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் முழித்தபோது, "சித்தப்பான்னு கூப்பிடு. வேற என்னான்னு கூப்பிடுவே?" என்று அம்மா முடித்துவிட்டாள்.

தமிழை அவர் அம்மாவிடம் கற்றுக்கொண்டார். அம்மா அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே அவரும் பால்காரரை, தபால்காரரை, போதகரை எல்லாரையும் "இந்தாங்க" என்று கொஞ்சலாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பால்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு அளவுக்கு மேலேயே ஊற்றுவார். அம்பாங்கில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனர் ஒருவரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்திருக்கலாம்.

ரப்பர் விலை விழுந்தது. ஈயமும் கூடவே விழுந்தது. தோட்டங்களில் வேலையில்லாத நம் ஜனங்களை மூட்டை முடிச்சோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றினார்கள். அது எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்களையும் ஏற்றினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. காசில்லாத வெள்ளைக்காரன் வீதியில் நின்றால் ஆள்கிற சாதியின் மானம் போய்விடும் அல்லவா? அதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். நாடு கடத்துகிறேன் என்று அவர் சொல்ல மாட்டார். இலவசக் கப்பல் டிக்கெட் என்பார். மறுத்தால் நாடோடி என்று பிடித்து அடைத்து, பிறகு அதே கப்பலில் ஏற்றுவார். அம்பாங்கில் டியூஷன் நின்ற மாதமே யாரோ சித்தப்பாவின் பெயரை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து விசாரிப்பதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஒரு வெள்ளைக்காரருக்குத் தக்கபடி வீடும் வேலையாட்களும் வருமானமும் இருந்தால் விட்டுவிடுவார். தமிழ்ப் பெண்டாட்டியின் தையல் காசில் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் அவ்வளவுதான். இங்கிலாந்தில் சித்தப்பாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, உடன்பிறந்தோர் இல்லை, திரும்ப ஒரு வாசல் இல்லை. போனால் அவர் தனியாகச் சாவார். இது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அழுதுகொண்டிருக்காமல் அவர் எழுந்து சுவரையும் ஜன்னலையும் பார்த்தார். "மேடை போடலாம்" என்றார். தெருவே உதவியது. போதகர் வீட்டு நாற்காலிகள் வந்தன. தலைமையாசிரியை தன் பீங்கான் தேநீர்ச் சாமான்களை, உடைத்தால் உயிரை எடுப்பேன் என்ற எச்சரிக்கையோடு கொடுத்தார். புகைப்படக் கடைக்காரர் கம்பளத்தையும், எல்லாருடைய கல்யாணப் படத்திலும் பக்கத்தில் நிற்குமே, அந்த வட்ட மேசையையும் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னறை துரை வீடாகிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் பாயும் தையல் மெஷினும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் வேலைக்காரப் பெண். தட்டை எந்த உயரத்தில் பிடிப்பது, எவர் கண்ணையும் பார்க்காமல் எப்படி அறைக்குள் வருவது என்று பலமுறை நடக்கவிட்டார். அம்மா சமையல்காரி. அதுவும் வெளியே வராத சமையல்காரி. சுவரிலிருந்து கல்யாணப் படத்தை அம்மா இறக்கினாள். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "கட்டிக்கிட்டவ அடுப்படியில ஒளியணும். சரி, ஒரு சாயங்காலந்தானே" என்றாள். சித்தப்பா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்களுக்கெல்லாம் வேஷம் சுலபமாக வந்துவிட்டது. அவருக்குத்தான் வரவில்லை. அவர் துரையாக உட்கார வேண்டும். அவரால் உட்கார முடியவில்லை. நான் தேநீர்த் தட்டோடு நுழைந்தால் எழுந்துவிடுவார். விருந்தாளியாக நடித்த புகைப்படக்காரர் தும்மினால் எழுந்துவிடுவார். வாழ்நாளெல்லாம் மேடையில் நின்ற மனிதர், உட்காருவதற்கு அவர் உடம்பில் பழக்கமே இல்லை. "உக்கார்றதுக்குக்கூடவா ஒத்திகை?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தாங்க, துரைங்க எப்படி உக்காருவாங்க தெரியுமா? இந்த நாற்காலி செஞ்சதே எனக்காகத்தான்னு உக்காருவாங்க. அப்படி உக்காருங்க." புதன்கிழமை மத்தியானம் வரை உட்கார்ந்து பழகினார்.

அதிகாரி மழைமேகத்தோடு வந்தார். நெட்டையான மனிதர், சாம்பல் நிற ஃபெல்ட் கம்பளித் தொப்பி, நிதானமான பார்வை. நான் தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினேன். சித்தப்பா உட்கார்ந்தார். நானே அசந்துபோனேன், பிறவித் துரை மாதிரி காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். கேள்விகள் வந்தன. அம்பாங்கில் டியூஷன், ஈப்போவில் புதிதாக ஓர் அழைப்பு, சீமையில் ஒரு வீட்டிலிருந்து வரும் வாடகை என்று பொய்களை அவசரப்படாமல் எடுத்து வைத்தார். வெளியே இடி உறுமியது. தட்டில் கோப்பைகள் கிணுகிணுக்காமல் இருக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் அம்மா மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. அதிகாரி தேநீரைக் குடித்து முடித்தார். சமையல்காரி நல்ல கை என்றார். "தவறான தகவல் வந்திருக்கிறது. உங்கள் பெயரை எடுத்துவிடுகிறேன்" என்றார். என் காதாலேயே கேட்டேன். உயிர் போய் உயிர் வந்தது.

அதிகாரி எழுந்தார். போதகர் வீட்டு நாற்காலி தரையில் உராய்ந்து நகர்ந்தது. அந்தச் சத்தம்தான் கெடுத்தது. மேடையில் எஜமானின் நாற்காலி நகரும் சத்தம்தான் பட்லருக்குச் சைகை. முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்குச் சித்தப்பாவின் கால்கள் நகர்ந்திருக்கின்றன. நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் சித்தப்பா ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டார். சட்டைக் கையால் அதை வட்டமாக ஒருமுறை துடைத்தார். விளிம்பு அதிகாரியின் கைக்கு நேராக வரும்படி இரண்டு கையாலும் நீட்டினார். கதவைத் திறந்து, கதவோடு கதவாக ஒதுங்கி நின்று, தலையைத் தாழ்த்தி, "வண்டி தயாராக இருக்கிறது, ஐயா" என்றார்.

வண்டி எதுவும் இல்லை. அதிகாரி நடந்து வந்திருந்தார். அவர் தொப்பியை வாங்கிக்கொண்டு சித்தப்பாவையே வெகுநேரம் பார்த்தார். "நகர மண்டபத்தில் உன்னைப் பார்த்திருக்கிறேன். பட்லர்" என்றார். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான், ஆனாலும் அவர் குரலில் நீங்கள் போய் நீ வந்துவிட்டது. பிறகு திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கல்யாணப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். "இவ்வளவு நல்ல வேலைக்காரனை நான் லண்டனிலும் பார்த்ததில்லை. அதனால்தான் நீ இந்த ஊரில் இருக்க முடியாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். நான் எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். அந்த மெதுவான குரலை இன்று வரை மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சீக்கியக் காவலர் வந்து அவரை ரயிலில் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். அதே ரயிலில் மூன்றாம் வகுப்பில் நானும் அம்மாவும் போனோம். கிள்ளான் தாண்டும் வரை அம்மா ஜபம் செய்தாள். அதற்குப் பிறகு அதிகாரியைத் திட்டினாள். மறுபடி ஜபம் செய்தாள். துறைமுகத்தில் நாகப்பட்டினம் கப்பலுக்குக் காத்திருந்த தோட்டத்து ஜனங்களோடு சேர்ந்து நின்றோம். எங்களுக்குக் கையசைக்கக்கூட அனுமதி இல்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், ஒரு சிறு பெட்டியோடு அவர் கப்பல் படியேறினார். அவரை ஏற்றிவிட்ட காவலர் கப்பல் கிளம்பும் வரை நிற்பதற்காகப் படியடியிலேயே நின்றுகொண்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். அவர்களில் உடம்பும் தலையும் பெருத்த ஒரு துரை, சுருட்டோடு, எல்லாரையும் அதட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கு இரண்டடி பின்னால், கையில் வெள்ளைத் துவாலை தொங்க, ஒரு தோல்பெட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கப்பல் பணியாள் ஒருவர் வந்தார். அந்த நடையை எனக்குத் தெரியும். எனக்குச் சித்தப்பா ஒத்திகை பார்க்கச் சொன்னது அந்த நடையைத்தான். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "ஏசுவே, ஏசுவே" என்று உதடு மட்டும் அசைந்தது. படியடியில் நின்ற காவலர் காலையிலிருந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்து அதே முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவர். பெருத்த துரையைப் பார்த்ததும் அவர் விறைத்து சலாம் வைத்தார். கண் துரையின் மேலேயே இருந்தது. தோல்பெட்டி அவர் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்து போனது. அவர் திரும்பவில்லை. எஜமானுக்குப் பின்னால் வருகிறவனின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

திட்டம் போட்டு அப்படிச் செய்தாரா என்று பிறகு கேட்டேன். இல்லையாம். மேல்தளத்தில் அந்த துரை யாரையும் பார்க்காமல் "யாராவது இதை எடுங்கள்" என்று கத்தியிருக்கிறார். "உடம்பு எடுத்திருச்சு. நான் யோசிச்சது பாதிப் படியில" என்றார். எங்களைக் கெடுத்த அதே பழக்கம்தான் அவரைத் திருப்பியும் கொடுத்தது. துறைமுகச் சாவடிக்கு வெளியே துரையை ஏற்றிக்கொள்ள மோட்டார் காத்திருந்தது. மற்ற மூட்டைகளைக் கூலிகள் ஏற்றினார்கள், கார் கிளம்பிவிட்டது. கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுக்க வாய் திறந்தால் காவலர் காதில் விழும். வாயைத் திறக்கவில்லை. பெட்டியோடு கிள்ளான் சாலையில் நடந்தார். பின்னால் தனித்தனியாக நாங்கள் நடந்தோம். திறந்து பார்த்தால் இந்தத் தொப்பி. "நான் போடாத வேஷம் திருடன் வேஷம் ஒண்ணுதான்" என்று வருந்தினார். சொந்தக்காரர் பெயர் பெட்டியில் இல்லை. என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே அதைப் பட்டுப்போல் வைத்திருந்தார்.

கிள்ளானில் அவர் சட்டைக்காரர் ஆனார். ஐரோப்பிய ரத்தமும் இந்தப் பக்கத்து ரத்தமும் கலந்த குடும்பத்தாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சட்டைக்காரன் ஏழையாக இருந்தால் எந்த அதிகாரிக்கும் மானம் போகாது. மலாக்காவிலிருந்து வந்தவர் என்று ஒரு போர்த்துகீசியப் பெயர் வைத்துக்கொண்டார். தொப்பியில்லாமல் வெயிலில் நின்று தோலைக் கருக்கினார். காப்பிச் சாயம் போட்டுத் தலையைக் கறுப்பாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, குரலை மாற்றினார். மேடைக்காகத் தீட்டி வைத்திருந்த அந்த அழகான ஆங்கிலத்தை மடித்து எங்கோ வைத்துவிட்டு, மலாய் கலந்து இழுத்துப் பேசினார். வீட்டுக்குள்ளும் அதே பேச்சுதான். "நம்ம முன்னாடியாவது பழைய மாதிரி பேசுங்களேன்" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். "வேணாம். ஒரு தடவை கழட்டினா அப்புறம் சரியா உக்காராது" என்பார். பணத்துக்கு நடித்தவர், எங்களோடு இருப்பதற்காக நாள் முழுதும் நடித்தார். அதற்குத் திரை விழுகிற நேரமே கிடையாது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அம்மாவின் மெஷின் நின்றுவிடும். அவர் கோலாலம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பெரிய மளிகைக் கடை ஒன்றில், தோட்டத்துத் துரைமார் டின் சாமானும் விஸ்கியும் வாங்கும் இடத்தில், வேலைக்குச் சேர்ந்தார். "வெள்ளைக்காரங்க நடுவுல யாரும் வெள்ளைக்காரனைத் தேட மாட்டாங்க" என்றார். பேசும் படம் வந்த பிறகு எங்களை மலிவு டிக்கெட்டில் கூட்டிப்போவார். ஓர் ஆங்கிலப் படத்தில் பட்லர் வந்தான். என் கையை இறுக்கிப் பிடித்தார். பழைய கம்பெனியில் இவருக்கு அடுத்தபடி இருந்தவனாம். இவருக்குக் காய்ச்சல் வந்தபோது இவர் வேஷத்தைக் கட்டியவன். வெளியே வந்ததும், "கதவைச் சாத்தும்போது முதுகைக் காட்டிட்டான்" என்று மட்டும் சொன்னார். அவர் இழந்தது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தையும் பிறந்துவிட்டது. மழை கொட்டிய ஒரு மாலை, சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் கார் நின்றது. நெட்டையான மனிதர் ஒருவர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். தலை நரைத்திருந்தது, பார்வை மட்டும் அதே நிதானத்தோடு இருந்தது. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சித்தப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அதிகாரி ஈரத் தொப்பியைக் கழற்றி, யாரையும் பார்க்காமல், நீட்டினார்.

அந்த ஒரு கணம் இன்னும் எனக்குக் கனவில் வரும். நீட்டிய தொப்பியை அந்தக் கைகள் எப்படி வாங்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையும் எழும், சட்டைக் கை வட்டமாகச் சுற்றும், தலை தாழும், முடிந்தது கதை. கைகள் எழுந்தன. பாதியில் நின்றன. பிறகு அவர் தொப்பியின் உச்சியை ஒற்றைக் கையால் கொத்தாகப் பிடித்துப் பறித்தார். நசுங்கியது. சர்க்கரை மூட்டைமேல் கவிழ்த்து வைக்கப் போய்த் தரையில் போட்டார். குனிந்து எடுத்து, ஃபெல்ட்டின் எதிர்ப்பக்கமாக வறட் வறட்டென்று தேய்த்தார். சர்க்கரையும் சேறுமாக அப்பிக்கொண்டது. "மடையா! தொப்பியைப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று அதிகாரி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான். சித்தப்பா ஈ என்று இளித்துக்கொண்டு, "சாரி துவான், சாரி துவான்" என்று, ஐயாவுக்கு மலாய் வார்த்தை போட்டு, மலாக்கா இழுவையில் சொன்னார். அதிகாரி தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, கேட்ட சிகரெட்டை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து இன்னொரு முறை மடையா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அது தனக்காகவே செய்த நாற்காலி என்பதுபோல் உட்கார்ந்தார். நடந்ததை அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கத் தொடங்கினார். "எத்தனை வருஷம் நடிச்சேன், பேப்பர்ல ஒரு தடவைகூட என்னைப் பத்தித் தனியா ஒரு வார்த்தை வந்ததில்ல. இன்னைக்கு நேர்லயே சொல்லிட்டான். மடையன்!" என்றார். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாகிவிட்டது. பயத்தில் அழவில்லை. "எதிர்ப்பக்கமா தேச்சிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் வெகுகாலம் இருக்கவில்லை. நெஞ்சுவலி வந்து, எங்கள் வீட்டுக் கட்டிலில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். கல்லறையில் மலாக்காப் பெயரைத்தான் வெட்டினோம். நிஜப் பெயரை அவர் கேட்டுக்கொண்டபடி இங்கும் எழுதவில்லை.

எங்கள் ஜனங்களில், சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது விதவை உள்ளறையில்தான் இருப்பாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். அன்று பெட்டியைத் தோளில் ஏற்றியபோது காற்றில் வாசல் கதவு சாத்திக்கொண்டது. யாராவது திறவுங்கள் என்று போதகர் சொல்வதற்குள் அம்மா பெண்களின் கையை உதறிவிட்டு வெளியே வந்தாள். ஒரு கையில் இந்தத் தொப்பி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது. சேலைத் தலைப்பால் அதை வட்டமாகத் துடைத்தாள், பட்டு படிந்திருக்கிற பக்கமாகவே. மறுகையால் கதவை முழுதாகத் திறந்தாள். அந்தப் புதன்கிழமை அடுப்படியில் ஒளிந்திருந்தவள், தெருவே பார்க்க, கதவோடு கதவாக ஒதுங்கி நின்று தலையைத் தாழ்த்தினாள்.

"வண்டி தயாரா இருக்கு, ஐயா" என்றாள்.

பெட்டி அவளைக் கடந்து போகும் வரை நிமிரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் தொப்பியை இறக்கினோம். என் மகனுக்கு இன்னமும் மூக்கு வரைதான் இறங்குகிறது.